வாட்ச் வாங்கலாம், முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 44. வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. பல வருஷமாக ஆசைப்பட்ட பெர்பெச்சுவல் காலண்டர் வாட்ச் (எந்த மாதத்துக்கு எத்தனை நாள், லீப் வருஷமா என்று தானே கணக்கிட்டுத் தேதி காட்டுவது) ஒன்று, ஏற்கெனவே ஒருவர் கையில் கட்டியது, விற்பனைக்கு வந்திருக்கிறது. 1990களில் செய்தது, தங்கக் கூடு. பெட்டி இருக்கிறது, சான்றிதழ் இல்லை. விலை என் சேமிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. “ஷேர் விழும், இது விழாது. 2100 வரை தேதியைத் தொடவே வேண்டாம்” என்கிறார் விற்பவர். மனைவி வேண்டாம் என்கிறார். முதலீடாக நினைத்து வாங்கலாமா?

பதில்: முதலீடாக என்றால் வேண்டாம். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஆசைக்காக என்றால் பேசலாம், ஆனால் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து அல்ல.

முதலில் அந்த 2100 விஷயம். விற்பவர் சொன்னது பாதி உண்மை. இந்த வாட்சுகள் பலவற்றின் உள்ளே நான்கு வருஷத்துக்கு ஒரு முறை சுற்றும் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். அதன் விளிம்பில் 48 மாதங்களுக்கும் கணக்கு இருக்கிறது. 31 நாள் மாதத்துக்குப் பள்ளம் கிடையாது, 30 நாள் மாதத்துக்கு லேசான பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம், லீப் வருஷப் பிப்ரவரிக்கு மட்டும் ஆழம் கொஞ்சம் குறைவு. ஒரு நெம்புகோல் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துத்தான் தேதியை எத்தனை நாள் தள்ளுவது என்று முடிவெடுக்கிறது. 2100 நான்கால் வகுபடும், ஆனால் லீப் வருஷம் இல்லை. சக்கரத்துக்கு அது தெரியாது என்பதால் அந்த வருஷம் கையால் திருத்த வேண்டும்.

இதெல்லாம் வாட்ச் நிற்காமல் ஓடினால்தான். கழற்றி வைத்தால் பெரும்பாலானவை இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். அப்புறம் தேதி, கிழமை, மாதம், நிலாவின் வளர்பிறை தேய்பிறை எல்லாவற்றையும் கூட்டின் ஓரத்திலிருக்கும் பொடிப் பொத்தான்களை ஊசி மாதிரியான குச்சியால் அழுத்திச் சரிசெய்ய வேண்டும். அதையும் ராத்திரி ஒன்பது மணியிலிருந்து விடியற்காலை மூன்று வரை செய்யக் கூடாது. அந்த நேரத்தில் தேதி மாற்றும் பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவர், மறுநாள் ஒரு கல்யாணத்துக்குக் கட்டிப் போகவேண்டுமென்று ராத்திரி பதினொரு மணிக்கு அழுத்தினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். வாட்ச் திரும்பி வர மாதங்கள் ஆயின, பில்லைப் பற்றி அவர் இன்னும் பேசுவதில்லை. 1985-ல் குர்ட் கிளவுஸ் என்ற வாட்ச் நிபுணர் வடிவமைத்து வந்த, ஐ.டபிள்யூ.சி. நிறுவனத்தின் டா வின்சி வாட்சில் இந்தத் தொல்லை குறைவு, எல்லாம் சாவி கொடுக்கும் திருகிலேயே நகரும். ஆனால் அவசரத்தில் தேதியை முன்னால் தள்ளிவிட்டால் பின்னால் கொண்டுவர வழியில்லை. நாள் வந்து சேரும்வரை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்தது, “இது விழாது”. 2021-லும் 2022 தொடக்கத்திலும் செகண்ட் ஹேண்ட் ஆடம்பர வாட்சுகளின் விலை எகிறியது. அந்த உச்சத்தில் வாங்கியவர்கள் பலர் பிறகு சரிவையும் பார்த்தார்கள். விற்பவர்கள் சொல்லும் கதை வேறு. 2016-ல் பட்டேக் பிலிப் நிறுவனத்தின் 1518 என்ற மாடல் வாட்ச் ஒன்று ஏலத்தில் 1.1 கோடி சுவிஸ் பிராங்கைத் தாண்டிப் போனது உண்மை. அது எஃகில் செய்தது, எஃகு 1518 விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறது. அதை வைத்து உங்கள் வாட்சுக்கு விலை போடுவது, ஒரு தபால்தலை கோடிக்குப் போனதென்று வீட்டிலுள்ள பழைய கடிதக் கட்டை லாக்கரில் வைப்பது மாதிரி.

கணக்கைப் பார்ப்போம். எண்கள் எல்லாம் என் அனுமானம், உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள். 100 கொடுத்து வாங்குகிறீர்கள். அதே தொகை வருஷத்துக்கு 7 சதவீதம் வளர்ந்தால் ஐந்து வருஷத்தில் 140. வாட்சுக்கு இடையில் ஒரு சர்வீஸ், ஐந்து வருஷ இன்ஷூரன்ஸ் சேர்த்து 13 போடுங்கள். யானையைக் கட்டித் தீனி போடும் சமாசாரம்தான் இது. விற்கும்போது தரகு, கடைக்காரர் லாபம் என்று 20 சதவீதம் போனால், 153 கையில் நிற்க வாட்ச் 191-க்கு விலைபோக வேண்டும். வருஷத்துக்கு 14 சதவீதத்தை ஒட்டிய ஏற்றம். அதுவும் 140-க்குச் சமமாவதற்கு மட்டும். இடையில் வட்டியும் வராது, டிவிடெண்டும் வராது, அவசரச் செலவுக்குப் பாதி வாட்சை விற்கவும் முடியாது.

சரி, ஆசை யாரை விட்டது? ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள். அதற்கு மேல் உள்ளதில் 5 சதவீதத்துக்குள் முடிகிற வாட்சாகப் பாருங்கள். தவணையில் வேண்டவே வேண்டாம். விடுமுறைப் பயணத்துக்குச் செலவழிப்பது போல, போன பணமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் ஒரு லென்ஸ் வைத்து அந்தப் பொடிப் பொத்தான்களைச் சுற்றிப் பாருங்கள். குச்சி வழுக்கிய கீறல்கள் இருந்தால், முன்னால் வைத்திருந்தவர் எப்படிக் கையாண்டார் என்று தெரிந்துவிடும். கூட்டின் முனைகள் மழுங்கி, தங்க முத்திரை தேய்ந்திருந்தால் பலமுறை பாலிஷ் போட்டிருக்கிறார்கள், சேகரிப்பவர்கள் விலையைக் குறைப்பார்கள். சான்றிதழ் இல்லாததற்கும் அப்படித்தான். சில நிறுவனங்கள் பழைய பதிவேட்டைப் பார்த்து, அந்த எண்ணுள்ள வாட்சை எப்போது செய்தார்கள், எப்போது விற்றார்கள் என்று எழுதித் தருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் அசல்தான் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல, வாட்சைத் திறந்து பார்க்கத் தெரிந்த, விற்பவரோடு சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக் பார்க்க வேண்டும்.

இப்போதைக்கு விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இன்று வாங்கி நாளைக்கே உங்களிடம் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள்?” அவர் சொல்லும் தொகையை எழுதி வாங்கி, முதலில் உங்கள் மனைவியிடம் காட்டுங்கள்.