டிஎச்சி, சிபிடி இரண்டும் கஞ்சாவில் இருப்பவைதானே? ஒன்று மட்டும் ஏன் போதை தருகிறது?

மதுரையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஓர் அண்ணன் சிபிடி எண்ணெய் விளம்பரத்தைச் செல்போனில் காட்டி இதையேதான் கேட்டார். அவர் மகன் வலிப்புக்கு க்ளோபசாம் சாப்பிடுகிறான். "கஞ்சாதானே தம்பி இது? போதை ஏறாதுன்னு போட்டிருக்கான்."

போதை ஏறாது என்பது உண்மைதான். இத்தனைக்கும் இரண்டிலும் அணுக்கணக்கு ஒன்றே: 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். தெற்காவணி மூல வீதியில் ஒரே எடைத் தங்கத்தில் முழு வளையலும் செய்வார்கள், வாய் திறந்த காப்பும் செய்வார்கள் அல்லவா, அப்படி. டிஎச்சியில் ஓர் ஆக்சிஜன் எதிரே உள்ள கார்பனைப் பிடித்து வளையத்தை மூடிவிடுகிறது. சிபிடியில் அது திறந்தே கிடக்கிறது, மூலக்கூறும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. மூளை நரம்பு செல்களில் இப்படிப்பட்ட பொருள்கள் வந்து ஒட்டும் இடம் ஒன்று உண்டு, பெயர் சிபி1 ஏற்பி. அதில் டிஎச்சி வாகாக உட்கார்ந்து அதை முடுக்கிவிடும். சிபிடிக்கு அந்த இடம் பொருந்தாது. அமெரிக்காவில் டெல்டா-8 டிஎச்சி என்று விற்பது பெரும்பாலும் சிபிடியை அமிலத்தில் போட்டு எடுத்தது, காப்பை நெருக்கி வளையலாக்கிய கதை. வழக்கமான டிஎச்சிக்கும் அதற்கும் ஓர் இரட்டைப் பிணைப்பு இடம் மாறியதுதான் வித்தியாசம். போதை சற்றுக் குறைவு, ஆனால் உண்டு.

டிஎச்சி பழசாகிக் காற்றும் வெளிச்சமும் பட்டால் 4 ஹைட்ரஜனை இழந்து சிபிஎன் என்ற வேறு பொருளாகிவிடும். அதில் போதை சொற்பம். இன்னொன்று, பச்சைச் செடியில் இருப்பது பெரும்பாலும் டிஎச்சி அல்ல, அதன் அமிலம். அதில் போதை இல்லை. சூடு பட்டுக் கார்பன் டை ஆக்சைடு கழன்ற பிறகுதான் டிஎச்சி. சிபிடிக்கும் இப்படி ஓர் அமிலம் உண்டு; இரண்டு அமிலத்தையும் செடி சிபிஜி அமிலம் என்ற ஒரே மூலப்பொருளிலிருந்துதான் செய்கிறது.

சரி, அந்த அண்ணன் விஷயம். போதை இல்லை என்றால் உடம்பில் ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிட்டார். 2018ல் அமெரிக்காவில் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு மருந்தாக அனுமதிக்கப்பட்டதே இந்த சிபிடிதான். க்ளோபசாமிலிருந்து உடம்பில் உண்டாகும் பொருளைக் கல்லீரல் கழிக்கவிடாமல் அது தடுக்கும். ரத்தத்தில் அளவு ஏறி, பையன் தூங்கி வழிவான். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் சாப்பிட்டால் கல்லீரலையும் கவனிக்க வேண்டும். நரம்பு டாக்டரிடம் காட்டாமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள் என்றேன்.

"எண்ணெய்தானேன்னு நினைச்சேன் தம்பி" என்று செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டை நீட்டினார்.