ஓடியவன் மேல் சுட்டது தற்காப்பு ஆகுமா?

கேள்வி: மலையடிவாரத்தில் தோட்டத்து வீடு. காட்டுப்பன்றித் தொல்லைக்காக என் பெயரில் லைசென்ஸ் எடுத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறேன். முந்தாநாள் இரவு இரண்டு பேர் பட்டியில் ஆட்டை அவிழ்த்தார்கள். சத்தம் போட்டதும் ஒருவன் அரிவாளை வீசினான். என் முன்கையில் கீறியது. சுட்டேன், படவில்லை. ஓடினார்கள். மறுபடி சுட்டதில் ஒருவனுக்குக் கெண்டைக்காலில் பட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறான். துடைக்கும்போது தவறி வெடித்ததாகச் சொல்லச் சொல்கிறார் மச்சான். திருட வந்தவனைச் சுட்டதற்கு என் மேல் வழக்கு வருமா?

பதில்: வரும். பதற வேண்டாம். தற்காப்பு உரிமை இருப்பதால் போலீஸ் எஃப்ஐஆர் போடாமல் இருக்காது. அது விசாரணையிலும் நீதிமன்றத்திலும் நீங்கள் எடுத்து வைக்க வேண்டிய வாதம்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இதைப் பற்றியவை. ஆடு திருடுகிறான் என்பதற்காக மட்டும் ஒருவன் உயிரை எடுக்கச் சட்டம் விடாது. அரிவாளை வீசிவிட்டான் என்றால் நிலைமையே வேறு. உயிர் போகும், கொடுங்காயம் படும் என்ற நியாயமான அச்சம் வந்தால், எதிராளி சாகும் அளவுக்குக்கூடத் தற்காத்துக்கொள்ளலாம் என்கிறது 38-ஆவது பிரிவு. அந்த நேரத்தில் நீங்கள் பயந்து ஓடியிருக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. தர்ஷன் சிங் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முதல் தோட்டாவுக்காக நான் தைரியமாக வாதாடுவேன்.

எனக்குக் கவலை இரண்டாவது தோட்டாதான். ஒற்றைக்குழல் துப்பாக்கியை மடக்கி, காலித் தோட்டாவை எடுத்துவிட்டு, புதியதைப் போட்டு, குறி பார்க்க வேண்டும். அந்தச் சில நொடிகளைத்தான் அரசு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார். 40-ஆவது பிரிவின்படி ஆபத்து பற்றிய அச்சம் இருக்கும்வரைதான் உரிமை. ஆட்டை விட்டுவிட்டு ஓடினார்களா, தூக்கிக்கொண்டு ஓடினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால், பொருளைக் காக்கும் உரிமை அவர்கள் தப்பிப் போகும்வரை நீடிக்கும் (பிரிவு 43). அப்போதும் தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. விட்டுவிட்டு ஓடியிருந்தால் உங்கள் நிலை பலவீனம்தான். போலீஸ் 109, அதாவது கொலை முயற்சி என்று போடலாம். எல்லை மீறிய தற்காப்பு என்று நீதிமன்றம் ஏற்றால், 110-க்கு, அதாவது கொலை ஆகாத மரணத்தை விளைவிக்கும் முயற்சிக்கு, இறங்க வாய்ப்புண்டு. காயம் பட்டிருப்பதால் அதில் 7 ஆண்டு வரை தண்டனை.

மச்சான் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். தயவுசெய்து கேட்காதீர்கள். ரவைகள் காலின் பின்பக்கம் பாய்ந்ததை மருத்துவர் பார்த்த உடனே எழுதிவிடுவார். அப்புறம் முக்கியமானது இது: தவறி வெடித்தது என்று சொன்னவர், உயிரைக் காக்கச் சுட்டேன் என்று பிறகு சொன்னால் யார் நம்புவார்கள்? உங்களிடம் இருக்கும் ஒரே நல்ல வாதத்தை நீங்களே அழிக்கிறீர்கள். பட்டியைக் கழுவினாலோ, தோட்டாவை ஒளித்தாலோ, தடயத்தை மறைத்த குற்றம் தனியாகச் சேரும் (பிரிவு 238).

இன்றைக்கே ஒரு வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். துப்பாக்கி, லைசென்ஸ், இரண்டு காலித் தோட்டாக்கள் எல்லாவற்றையும் துடைக்காமல் அப்படியே ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள். அரிவாள் அங்கே கிடந்தால் தொடாமல் போலீஸுக்குக் காட்டுங்கள். அவர்கள் மீது உங்கள் புகாரையும் எழுத்தில் கொடுங்கள். உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி யாரும் வற்புறுத்த முடியாது. அரசியல் சாசனத்தின் 20(3) அந்த உரிமையைத் தருகிறது. எதைச் சொல்வது, எதை வக்கீல் மூலம் சொல்வது என்று முதலில் அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். முன்ஜாமீனையும் அவரிடம் கேளுங்கள்.

தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்றாலும், அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதற்கு உங்கள் கையில் உள்ள கீறல்தான் பெரிய சாட்சி. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அது ஆறிப்போய்விடும். ஸ்டேஷனுக்குப் போகும் வழியிலேயே அரசு மருத்துவமனையில் காட்டி, அரிவாள் பட்டது என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஏ.ஆர். காப்பி, அதாவது காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல், போடாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.