அந்த ஒரு வரி எங்கே போனது?

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவள். அமெரிக்காவில் இருக்கும் மகள் குடும்பம் மெதடிஸ்ட் ஆலயத்துக்குப் போகிறது. அங்கே ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில், இயேசு ‘பாதாளத்தில் இறங்கினார்’ என்பதே இல்லை! அடுத்த வாரம் போன லுத்தரன் ஆலயத்தில் ‘பொதுவான சபை’க்குப் பதில் ‘கிறிஸ்தவ சபை’ என்கிறார்கள். பிரமாணத்தையே மாற்றலாமா? பேத்திக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: அம்மா, சின்ன வயதிலிருந்து வாய் தானாகச் சொல்லும் வரி அது. எல்லோரும் அடுத்த வரியான ‘மூன்றாம் நாள்’ என்று போய்விட, நீங்கள் மட்டும் ‘பாதாளத்தில்’ என்று தொடங்கித் திகைத்து நின்றிருப்பீர்கள். அந்தப் பதற்றம் புரிகிறது.

ஆனால் யாரும் விசுவாசத்தில் கை வைக்கவில்லை. அந்த வரி ஆதியில் எல்லா ஊரிலும் இருந்ததில்லை. கி.பி. 404 வாக்கில் ரூஃபினஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், தாம் ஞானஸ்நானம் பெற்ற இத்தாலியின் அக்விலேயா சபையின் பிரமாணத்தில் அது உண்டு, ரோமாபுரிச் சபையில் இல்லை என்று எழுதியிருக்கிறார். ஏன், நம் திருவிருந்து ஆராதனையில் சொல்லும் இன்னொரு பிரமாணமான நிசேயா பிரமாணத்திலும் அது கிடையாதே!

ஆங்கிலத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. அங்கே அந்த இடத்தில் வருவது ‘ஹெல்’. கேட்டதும் எரிநரகம்தான் நினைவுக்கு வரும். மூலச் சொல்லோ மரித்தோர் இருக்கும் கீழுலகத்தைக் குறிப்பது. நம் வேதாகமம் பாதாளம் வேறு, நரகம் வேறு என்று பிரித்தே சொல்கிறது. இந்த விஷயத்தில் தமிழ் நமக்குப் பெரிய உதவி.

மகள் சபையில் 1989-இல் வந்த ஐக்கிய மெதடிஸ்ட் பாட்டுப் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பிரமாணம் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்றில் இந்த வரி அடிக்குறிப்பில். மற்றதில் ‘மரித்தோரிடத்தில் இறங்கினார்’ என்று உள்ளேயே.

லுத்தரன் விஷயம் சின்னது. நாம் ‘பொதுவான’ என்று சொல்லும் இடத்தில் மூலத்தில் இருப்பது ‘கத்தோலிக்’. அந்தச் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தருக்கு முன்பே ஜெர்மன் மொழியில் அதைக் ‘கிறிஸ்தவ’ என்று சொல்லி வந்தார்கள். லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் பாடநூலிலும் அப்படியே. எல்லா லுத்தரன் சபைகளும் அப்படிச் சொல்வதில்லை. ‘கத்தோலிக்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் உலகெங்கும் பரவிய, பொதுவான என்பதுதான்.

அங்கே போனால் அவர்களோடு சேர்ந்து அவர்கள் சொல்வதையே சொல்லுங்கள். அதற்காக மகளிடம் வாதாட வேண்டாம். பேத்திக்கு, சரி, உங்கள் வாயில் ஊறிய தமிழ்ப் பிரமாணத்தையே சொல்லிக்கொடுங்கள். அப்புறம் அந்தப் புத்தகத்தைத் திறந்து அடிக்குறிப்பைக் காட்டி, “பாட்டி சொல்கிற வரி இதோ இருக்கு பார்” என்று சொல்லுங்கள்.