தலைக்குத் தலையணை எதற்கு? மயக்க மருத்துவரிடம் சில கேள்விகள்

டாக்டர், மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாயில் ட்யூப் போடும்முன் தலையைப் பின்னால் சாய்த்தால் போதாதா? தலையணை ஏன்? (ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் மாணவர்)

தம்பி, தலை பின்னால் சாய வேண்டும், கழுத்து முன்னால் வர வேண்டும். இரண்டும் வேண்டும். எட்டியிருக்கும் பூவை முகரக் கழுத்தை நீட்டுவோமே, அதுதான் ‘ஸ்னிஃபிங்’ (முகரும்) நிலை. காலைக் காற்றை முகர்வதுபோல என்று 1936-ல் பிரிட்டிஷ் மயக்க மருத்துவர் ஐவன் மகில் சொன்னார். கழுத்து சுமார் 35 டிகிரி முன்வளைவு, முகம் 15 டிகிரி மேல்நோக்கு என்பது பாடப்புத்தகக் கணக்கு. வாய், தொண்டை, குரல்வளை மூன்றும் நேர்கோட்டுக்கு வந்துவிடும் என்றுதான் நாங்கள் படித்தோம். 2001-ல் பிரான்சில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், அப்படி ஒன்றும் வரவில்லை! சாதாரண உடல்வாகு உள்ளவர்களுக்குத் தலையைச் சாய்ப்பதே ஏறக்குறைய போதும் என்றும் தெரிந்தது. குண்டானவர்களுக்கும் கழுத்து விறைத்தவர்களுக்கும் தலையணை நிச்சயம் உதவுகிறது. யார் எப்படி இருப்பார் என்று முன்கூட்டியே தெரியாதே, அதனால் நான் எல்லோருக்கும் வைத்துவிடுவேன்.

120 கிலோ ஆள் என்றால்?

ஒரு தலையணை போதாது. மேல்முதுகு, தோள், தலை என்று போர்வைகளைச் சரிவாக அடுக்குங்கள். பக்கவாட்டில் நின்று பார்த்தால் காதுத் துளையும் மார்பெலும்பின் மேல்குழியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதில் மூச்சுக்கும் லாபம்: வயிறு நுரையீரலை அழுத்துவது குறையும், ஆக்சிஜன் இருப்பு கூடுதல் நேரம் தாங்கும். ஒன்று, நோயாளி விழித்திருக்கும்போதே அடுக்கிவிடுங்கள். மயங்கிய பிறகு அவரைத் தூக்க நாலு பேர் வேண்டும்.

என் கைக்குழந்தைக்குத் தோளுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்தார்களே, ஏன்?

குழந்தைக்குப் பின்மண்டை பெரிது அம்மா. சும்மா படுக்க வைத்தாலே தலை முன்னால் மடங்கி மூச்சுவழி அடைபடும். துண்டு அதைச் சரிசெய்கிறது. ரொம்ப நிமிர்த்தினாலும் அடைக்கும்.

எனக்கு முடக்குவாதம் பல வருடமாக இருக்கிறது. சொல்ல வேண்டுமா?

கட்டாயம். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் தளர்ந்திருக்கலாம், வளைத்தால் தண்டுவடம் நசுங்கும் ஆபத்து உண்டு. கழுத்து எக்ஸ்ரே பார்த்துவிட்டு, தலையை அசைக்காமல் வீடியோ லாரிங்கோஸ்கோப்போ (தொண்டையைத் திரையில் காட்டும் கேமரா கருவி) ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்போ (வளையும் மெல்லிய கேமராக் குழாய்) வைத்து ட்யூப் போடுவோம்.

ட்யூப் போட்டு ஒட்டியாச்சு. இனி தலையைத் திருப்பலாமா? (அதே மாணவர்)

தலை குனிந்தால் ட்யூப் உள்ளே இறங்கும், நிமிர்ந்தால் வெளியே ஏறும். பெரியவர்களுக்கே ஓரிரு சென்டிமீட்டர் நகரும். அதனால் திருப்பியதும் இரண்டு நுரையீரலுக்கும் காற்று போகிறதா என்று மார்பின் இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.