டிரம்பெட்டும் சாம்ப்ளரும்: வாசகர் கேள்வி பதில்

டௌன்டெம்போ (மெதுவான நடையிலுள்ள எலெக்ட்ரானிக் இசை) என்று தேடினால் காபிக் கடைப் பின்னணி இசைதான் வந்து விழுகிறது. எலெக்ட்ரானிக்கும் ஜாஸும் நிஜமாகவே கலந்த, கொஞ்சம் இருட்டான ஆல்பம் ஒன்று சொல்லுங்கள். ஒன்றே ஒன்று போதும்.
– கோவை வாசகர்

நில்ஸ் பெட்டர் மொல்வேரின் ‘கெமர்’. 1997-ல் இசிஎம் நிறுவனம் வெளியிட்டது. மொல்வேர் நார்வேக்காரர், டிரம்பெட் கலைஞர். அதற்கு முன்பு மஸ்குவாலெரோ என்ற ஜாஸ் குழுவில் வாசித்தவர். இசிஎம், மான்ஃப்ரெட் ஐக்கர் 1969-ல் மியூனிக்கில் தொடங்கியது. வாத்தியத்தைச் சுற்றியுள்ள நிசப்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்வதற்குப் பேர்போனது. அப்படிப்பட்ட நிறுவனத்திலிருந்துதான் இந்த ஆல்பத்தின் சாம்பிளும் (வேறு பதிவிலிருந்து வெட்டியெடுத்த ஒலித்துண்டு) புரோகிராம் செய்த பீட்டும் வந்தன.

மூன்று முறை கேளுங்கள். முதல் முறை டிரம்பெட்டை மட்டும் தொடருங்கள். இரண்டாம் முறை ஐவின்ட் ஆர்செட்டின் கிட்டாரைத் தேடுங்கள். பல இடங்களில் அது கிட்டார் என்றே தெரியாது. மூன்றாம் முறை, மெஷின் பீட் எங்கே முடிகிறது, ரூனே ஆர்னெசனின் டிரம்ஸ் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். தூங்கவைக்கும் இசை என்று எண்ணிப் போடாதீர்கள். சில இடங்களில் டிரம்ஸ் நன்றாகவே அறையும்.

கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவதை ஜாஸ் என்று எப்படி ஒப்புக்கொள்வது?
– காரைக்குடி வாசகர்

வெட்டி ஒட்டுவது கம்ப்யூட்டருக்கு முன்பே வந்துவிட்டது. ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் 1969 ஆல்பம் ‘இன் எ சைலன்ட் வே’யை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் டியோ மசேரோ டேப்பை பிளேடால் வெட்டி, தொடக்கத்தில் வந்த பகுதியையே அந்தப் பக்கத்தின் கடைசியிலும் ஒட்டினார். இரண்டு பக்கமும் அப்படித்தான். இசைத்தட்டில் நீங்கள் கேட்கும் வடிவம், அப்படியே ஒரே மூச்சில் யாரும் வாசித்ததில்லை. அதை ஜாஸ் என்று ஒப்புக்கொண்டால் இதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நான் வாய்ப்பாட்டு கற்பவள். இந்த வகை டிரம்பெட் ஏன் பாடுவது போலவே கேட்கிறது? கமகம் பிடிக்கிறார்களா?
– மயிலாடுதுறை வாசகி

உங்கள் காது சரியாகவே பிடித்திருக்கிறது. இதன் வேர் அமெரிக்க டிரம்பெட் கலைஞர் ஜான் ஹசெல். ஜெர்மனியின் கொலோனில் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர், பிறகு கிரானா கரானா என்ற இந்துஸ்தானிப் பாணியைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்திடம் குரலிசை கற்றார். அந்தக் குரலின் இழைவை டிரம்பெட்டில் கொண்டுவர முயன்றதுதான் அவருடைய பாணி. இசைக்கலைஞர் பிரையன் ஈனோவுடன் 1980-ல் வெளியிட்ட ‘ஃபோர்த் வேர்ல்ட்’ ஆல்பத்தில் அது தெளிவாகக் கேட்கும்.

டிரம்பெட்டில் மூன்றே வால்வு. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவிலுள்ள இடத்தை உதட்டாலும், வால்வைப் பாதி அழுத்தியும்தான் பிடிக்கவேண்டும். ஆகவே ஸ்வரத்தை ஆட்டும் நம் கம்பிதம் போன்ற அசைவு அல்ல, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் இந்துஸ்தானி மீண்டுக்கு நெருக்கமான இழுப்பு. இன்னொன்று: ஜாஸ்காரர்கள் டோரியன் என்று சொல்லும் ஸ்கேலின் ஸ்வரங்கள் நம் கரகரப்பிரியாவினுடையவை. ஸ்வரங்கள்தான் ஒன்று, ராகம் என்று சொல்லிவிடாதீர்கள், உங்கள் குரு கோபித்துக்கொள்வார்.

வீட்டிலேயே 80 பிபிஎம்-ல் (நிமிடத்துக்கு 80 அடி) பீட் போட்டு, நண்பரின் டிரம்பெட்டை மேலே வைத்தேன். தனித்தனியாக நன்றாக இருக்கிறது, சேர்த்தால் ஒட்டவில்லை. எங்கே தப்பு?
– திருச்சி வாசகர்

பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலில் பீட். எல்லா அடியும் மென்பொருள் காட்டும் கட்டத்தின் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். 80 பிபிஎம்-ல் ஒரு முழு அடி 750 மில்லி செகண்ட், அதில் கால் பங்கான ‘பதினாறு’ (சிக்ஸ்டீன்த் நோட்) 187.5. ஸ்விங்கை (இரட்டைப்படை அடிகளைத் தாமதிக்கும் அளவு) 50-லிருந்து 56 சதவீதத்துக்கு ஏற்றினால் இரண்டாவது பதினாறு 210-க்குத் தள்ளிப்போகும். வெறும் 22 மில்லி செகண்ட், ஆனால் நடையே மாறிவிடும். 60-ஐத் தாண்டினால் நொண்டும். ஸ்னேர் டிரம்மை மட்டும் தனியாக 10 முதல் 15 மில்லி செகண்ட் பின்னுக்கு நகர்த்துங்கள். கிக் டிரம்மைத் தொடாதீர்கள், இரண்டும் நகர்ந்தால் எதை வைத்துப் பின்தங்கியது என்று காது அளக்கும்?

இரண்டாவது, டிரம்பெட் பதிவு. திறந்த டிரம்பெட் இந்த இசைக்கு அதிகப் பளபளப்பு. ஹார்மன் மியூட்டை (டிரம்பெட்டின் வாயில் செருகும் உலோக அடைப்பான்) வாங்கி, நடுவிலுள்ள தண்டை உருவிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மைல்ஸின் அந்த மெல்லிய, உலோகக் குரல் அப்படி வருவதுதான். கழுத்தைச் சுற்றிய கார்க் முழுதும் படிந்திருக்கவேண்டும். இடைவெளி இருந்தால் காற்று கசிந்து குரல் சப்பென்று ஆகும். மியூட் போட்டதும் சுருதி ஏறும். டியூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சுருதியை மறுபடி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காமல் பதிவு செய்தால், பிறகு சிந்த் பேடோடு (பின்னணியில் நீளும் சிந்தசைசர் ஒலி) உரசிக்கொண்டே இருக்கும். ‘ஒட்டவில்லை’ என்று நீங்கள் சொல்வதில் பாதி இதுவாகக்கூட இருக்கலாம். மைக்கை 5 முதல் 10 சென்டிமீட்டரில், நேர் எதிரே வைக்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். கிட்ட வைப்பதால் கீழ்ப்பகுதி தடிக்கும். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். மூச்சுச் சத்தத்தை மட்டும் வெட்டாதீர்கள். கேட்பவருக்கு அங்கே ஒரு ஆள் நிற்கிறார் என்று சொல்வது அதுதான்.

மூன்றாவது, ரிவெர்ப், அதாவது அறை முழக்கம். பீட்டுக்கு ஒரு அறை, டிரம்பெட்டுக்கு வேறு ஒரு அறை என்று போட்டிருப்பீர்கள். எல்லாமே போய்ச் சேரும் ஒரே ஒரு ரிவெர்ப் சென்ட் வைத்து, ஸ்னேரையும் அதில் கொஞ்சம் அனுப்புங்கள். முழக்கம் தொடங்குமுன் விடும் இடைவெளியான பிரீ-டிலே 30 முதல் 40 மில்லி செகண்ட். ரிவெர்ப்புக்குள் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் போகவேண்டாம். டிரம்பெட்டின் டிலேயை (எதிரொலி) 562 மில்லி செகண்டில் வைத்தால் எதிரொலி பீட்டின் சந்தில் விழும். டிரம்பெட் வாசிக்கும்போது டிலே அடங்கி, மூச்செடுக்கும்போது எழும்படி சைட்செயின் (ஒரு ஒலியைக் கொண்டு இன்னொன்றின் அளவைக் கட்டுப்படுத்துவது) போடுங்கள்.

இதெல்லாம் செய்தும் ஒட்டவில்லையென்றால் சிந்த் பேடை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள். அனேகமாக அதுதான் குற்றவாளி.

பழைய ரெக்கார்ட் போன்ற அந்தக் கரகரப்புக்கு வினைல் பிளக்இன் போட்டால் போதுமா?
– மதுரை வாசகர்

வெறும் ‘பட் பட்’ சத்தம்தான் கிடைக்கும். அந்தக் கரகரப்பு ஒலித்துண்டைப் பதிந்து திரும்ப வாசிக்கும் பழைய சாம்ப்ளர் கருவிகளின் ஏழ்மையிலிருந்து வந்தது. 1987-ன் எஸ்பி-1200 சாம்ப்ளர் 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ். மொத்தமே 10 விநாடிதான் பதியும். இடத்தை மிச்சம் பிடிக்க, 33 சுற்று ரெக்கார்டை 45-ல் ஓடவிட்டுப் பதிந்து, உள்ளே சுருதியை இறக்கிக்கொள்வார்கள். இறக்கும்போது தரம் இன்னும் கெடும். அந்தக் கெடுதல்தான் சுவை. நீங்களும் சாம்பிளை 5 செமிடோன் ஏற்றி, 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸில் எழுதி, அதே 5 செமிடோன் இறக்குங்கள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் டைம்-ஸ்ட்ரெச்சை (சுருதி மாறினாலும் நீளம் மாறாமல் வைக்கும் வசதி) அணைத்துவைக்க மறக்காதீர்கள்.

ஹெட்போனில் அதிரும் பேஸ், போனில் காணாமலே போகிறதே?
– யாழ்ப்பாண வாசகர்

டபுள் பேஸின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். போனின் சின்ன ஸ்பீக்கர் அதைத் தொடவே முடியாது. பேஸின் நகல் ஒன்று எடுத்து, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைத்து ஹார்மோனிக்குகள் சேர்ப்பது) போட்டு, மிக மெல்ல அடியில் கலக்குங்கள். மேல் ஹார்மோனிக்குகள் கேட்டால் அடி ஸ்வரத்தைக் காதே ஊகித்துக்கொள்ளும். கூடவே சப் சிந்தும் (மிகக் கீழ் ஸ்தாயி சிந்தசைசர்) வைத்திருந்தால், மோனோவில் கேட்டுப் பாருங்கள். பேஸ் மெலிந்தால் ஒன்றின் பேஸை (phase) திருப்புங்கள் – துருவத்தைச் சொல்கிறேன், வாத்தியத்தை அல்ல.

பழைய படப்பாட்டிலிருந்து ஐந்து விநாடிதான் எடுத்தேன். அவ்வளவு சின்னதுக்கு அனுமதி வேண்டாமாமே?
– சேலம் வாசகர்

அப்படி விநாடிக் கணக்கு எதுவும் 1957-ன் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் இல்லை. குறைந்தது இரண்டு உரிமை உண்டு: இசையமைப்புக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்கு ஒன்று. ஒலிப்பதிவு உரிமை, வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். அது முடிந்திருந்தாலும் இசையமைப்பின் உரிமை, படைத்தவர் காலமான பிறகு 60 வருடம் நிற்கும். நண்பர்களில் டிரம்பெட்காரர் ஒருவர் இருந்தால், அந்த ஐந்து விநாடிக்குப் பதில் புதிதாக ஒன்றை வாசித்துப் பதிந்து, மேலே சொன்ன 12 பிட் வழியில் அழுக்காக்கிக்கொள்ளுங்கள்.