சவூதி அரேபியாவில் திருமணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை ஏன் கட்டாயம்?

மணமக்கள் இருவரும் அரிவாள் செல் சோகை, தலசீமியா ஆகிய பரம்பரை இரத்த நோய்களின் மரபணுவைச் சுமக்கிறார்களா என்று பார்க்கும் சோதனை இது. 2004 முதல் கட்டாயம். பிறகு மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் இதில் சேர்ந்தன.

மரபணுவை வீட்டுச் சாவியாக நினைத்து, ஒவ்வொருவரிடமும் இரண்டு சாவி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் மற்றொன்றால் கதவைத் திறந்துவிடலாம், குறையே தெரியாது. குழந்தைக்கோ தந்தை ஒரு சாவி, தாய் ஒரு சாவி தருகிறார்கள். இருவரும் வளைந்ததையே கொடுத்துவிட்டால்? குழந்தைக்கு நோய்தான். பெற்றோர் இருவரிடமும் ஆளுக்கொரு வளைந்த சாவி இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. அரிவாள் செல் சோகையில் உருண்டையான சிவப்பணு பிறைபோல வளைந்து நுண்ணிய குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. எலும்பு வலி உயிரை வாங்கும்.

கிழக்கே கதீஃப், அல் அஹ்சா பகுதிகளில் இந்நோய் அதிகம். பேரீச்சந்தோப்பும் ஊற்று நீரும் நிறைந்த அந்தச் சோலைகளில் ஒரு காலத்தில் மலேரியா தாண்டவமாடியது. ஒரு வளைந்த சாவி மட்டும் உள்ளவர்களை மலேரியா எளிதில் கொல்லாது. அவர்கள் பிழைத்தார்கள், மரபணுவும் பிழைத்தது. சிற்றப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்குள் மணம் முடிப்பது அங்கே வழக்கம் என்பதால் ஒரே குறை இருபுறமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. (மாமன் மகளை மணக்கும் நமக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.)

முடிவு பொருந்தாவிட்டால் திருமணத்தைத் தடுத்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை, மரபணு நோய்களைப் பொறுத்தவரை ஆலோசனை சொல்லிவிட்டு முடிவை மணமக்களிடமே விட்டுவிடுகிறார்கள்.