ஜிம்மிக்கு விசர் இல்லை, மணிக்கூட்டைப் பாருங்கள்

உங்கள் நாய் ஜிம்மிக்கு வலிப்பு வருகிறது, அது விசரோ (ரேபிஸ்) என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். விசர் என்றால், தம்பி, நீங்கள் கடிதம் எழுத உட்காரும் நேரத்தில் ஜிம்மி இருந்திருக்காது. விசர் பிடித்த நாய் அறிகுறி தொடங்கிப் 10 நாளைத் தாண்டுவது அபூர்வம். நாளுக்கு நாள் மோசமாகித்தான் போகும், நடுவில் எழும்பி வந்து வாலாட்டிச் சோறு தின்னாது. உங்கள் ஜிம்மிக்குத் தைப்பொங்கலுக்கு மறுநாள் முதல் வலிப்பு வந்து இரண்டு மாதம், நான்கு தடவை வந்தும் இடைநாட்களில் பிள்ளைகளோடு ஓடித் திரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். களுவாஞ்சிக்குடியில் உங்கள் ஒழுங்கைக்குள் யாராவது தடியோடு வந்தால் இதைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

ஆனால் போன வருடம் விசர் ஊசி போடவில்லை என்றும் ஒரு வரி இருக்கிறது. அது உங்கள் பிழை, வைத்தியரிடம் போகும்போது அதையும் கேட்டுப் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை இரவு வலிப்பு வந்தபோது ஜிம்மியின் வாயைத் திறக்கப் போய் மனைவியின் விரலில் பல் கீறியதாம். நான் மிருக வைத்தியன், அவருக்கு ஊசி வேண்டுமா இல்லையா என்று நான் சொல்லக்கூடாது. சவர்க்காரமும் தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவி, அரசாங்க வைத்தியசாலையில் உடனே காட்டச் சொல்லுங்கள். அங்கே காசும் கேட்கமாட்டார்கள்.

நாய்க்கு மூன்று வயது, இடையில் முழுச் சுகம், வலிப்பு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலும் காரணம் பிடிபடாத வலிப்பு நோயாகத்தான் இருக்கும், ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தொடங்குவது அதன் வழக்கம். படுவான்கரை வயலில் ஏதும் தின்றிருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வயலுக்கு அடித்த மருந்து உள்ளே போயிருந்தால் எச்சில் வடியும், வாந்தி வரும், உடம்பெல்லாம் நடுங்கும், அன்றைக்கே ஒரு முடிவு தெரிந்துவிடும். மாதம் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகாது.

இனி நீங்கள் கேட்காத விஷயம். "அரை மணித்தியாலம் வலித்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால், கால்கள் விறைத்து உதைத்து, வாயில் நுரை தள்ளி, சலம் போனது வரைதான் வலிப்பு, அது ஒன்றிரண்டு நிமிடமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு எழும்பிச் சுவரில் முட்டிக்கொண்டு சுற்றியதும், உங்களையே அடையாளம் தெரியாமல் பார்த்ததும், சட்டிச் சோற்றை ஒரே மூச்சில் தின்றதும் மூளை களைத்துப் போய் விழிப்பதன் அடையாளம். சில நாய்களுக்கு அது ஒரு நாள்கூட இழுக்கும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது அந்த முதல் கட்டத்துக்கு. உதைப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒன்று முடிந்து முழுதாகத் தெளியாமல் அடுத்தது தொடங்கினாலோ, 24 மணித்தியாலத்துக்குள் இரண்டாவது வந்தாலோ, இரவு எத்தனை மணியானாலும் வைத்தியரை எழுப்புங்கள், ஓட்டோவைக் கூப்பிடுங்கள். விடாமல் வலிக்கும் நாயின் உடம்பு நெருப்பாகச் சுடும், நம்முடைய வெக்கையில் இன்னும் கெதியாகச் சுடும், அந்தச் சூடே மூளையைப் பழுதாக்கும். போகிற வழியில் வயிற்றிலும் பாதத்திலும் சாதாரணத் தண்ணீர் தடவுங்கள், ஐஸ் வேண்டாம்.

எனவே வலிப்பு தொடங்கியவுடன் முதலில் பார்க்க வேண்டியது மணிக்கூடு. பிறகு நாயைக் கிணற்றுக்கட்டு, படிக்கட்டுப் பக்கம் இல்லாமல் இழுத்து விட்டு, போனில் வீடியோ எடுங்கள், உங்கள் நாலு பக்கக் கடிதத்தைவிட அந்த ஒரு நிமிடம் எனக்கு அதிகம் சொல்லும். வாய்க்குள் கையோ கரண்டியோ போடாதீர்கள், நாய் நாக்கை விழுங்காது. இரும்புத் திறப்பைக் கையில் கொடுப்பது மனிதனுக்கே உதவாத வேலை, ஜிம்மிக்குக் கையும் இல்லை. யூடியூப் பார்த்துத் தேங்காய் எண்ணெய் பருக்கினீர்களே, அது சுவாசப்பைக்குள் போயிருந்தால் வலிப்பில் சாகாத நாய் நியூமோனியாவில் செத்திருக்கும்.

எனக்கு உண்மையில் கோபம் வந்த இடம் குளிசை. வைத்தியர் பீனோபார்பிட்டோன் என்ற வலிப்புக் குளிசை தந்திருக்கிறார், ஒன்பது நாள் கொடுத்தீர்கள், நாய் தூங்குகிறது, பின்னங்கால் தள்ளாடுகிறது, ஈரல் போய்விடும் என்று இணையத்தில் போட்டிருக்கிறது என்று நிறுத்திவிட்டு, மாமாவின் வலிப்புக் குளிசையில் பாதியைக் கொடுத்திருக்கிறீர்கள். பீனோபார்பிட்டோன் இரத்தத்தில் ஒரு நிலைக்கு வரவே சுமார் இரண்டு கிழமை வேண்டும், தூக்கமும் தள்ளாட்டமும் அதற்குள் வந்து பெரும்பாலும் குறைந்துவிடும், பசியும் தாகமும் கூடுவதும் அதனால்தான். ஈரலைப் பற்றிய கவலை நியாயம், அதற்குத்தான் இடைக்கிடை இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம், அதற்காகத் திடீரென்று நிறுத்துவதா? திடீரென்று நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கிளப்பும். சனிக்கிழமை இரவு வந்தது அப்படி வந்ததாகத்தான் இருக்கும். மாமாவுக்குக் கொடுக்கும் பெனிட்டோயினை நாயின் உடம்பு சில மணித்தியாலத்தில் கழித்துவிடும், அதைக் கொடுப்பதும் ஒன்று, கொடுக்காததும் ஒன்று.

பறுவத்தில் வருகிறதா, கண்ணூறா, பிள்ளைகளுக்குத் தொற்றுமா என்ற மூன்றுக்கும் ஒரே பதில், இல்லை. வலிக்கும் நேரத்தில் மட்டும் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். இனி வலிப்பே வராது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், குறையும், இடைவெளி கூடும். பல நாய்கள் இப்படியே வருடக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன.

நாளைக்கே அதே வைத்தியரிடம் போங்கள், குளிசையை நீங்களாக நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள், அவர் சொல்லும் அளவில் திரும்பத் தொடங்கி 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தவறாமல் கொடுங்கள். அளவு நிறையைப் பொறுத்தது, போகும் வழியில் ஏதாவது அரிசிக் கடையின் தராசில் ஜிம்மியைத் தூக்கி வைத்து நிறுத்துக்கொண்டு போங்கள். 5 நிமிடம் தாண்டினால் வீட்டிலேயே பின்பக்கத்தால் ஏற்றக்கூடிய, வலிப்பை நிறுத்தும் டயசிபாம் மருந்து தருவாரா என்றும் கேளுங்கள். மிச்சமிருக்கும் அந்தப் பாதிக் குளிசைகளை மாமாவிடமே கொடுத்துவிடுங்கள், அவருக்கு அவை தேவை.